தவழ்ந்தேனும் வருவோம்



ரமளானில் பள்ளிவாசலுக்குள் இடம் போதாமல் வெளித் திண்ணையில் நின்று தொழுதோம். ஷவ்வால் பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் சுப்ஹுக்கு ஒரு ஸஃப்பு நிறைவதே அரிதாகிவிடுகிறது. நம்மிடம் ஈமான் இல்லையா? இருக்கிறது. ஆசையும் இருக்கிறது. இல்லாதது இஸ்திகாமத், அதாவது, தொடங்கியதை இறுதிவரை விடாத உறுதி.

இந்த உறுதியை உலகத்தார் எதற்கெல்லாம் செலவிடுகிறார்கள், பாருங்கள்! ஹவாய்த் தீவில் 1978-ஆம் ஆண்டு 'அயர்ன்மேன்' என்னும் போட்டி தொடங்கியது. கடலில் 3.8 கிலோ மீட்டர் நீந்த வேண்டும். கரையேறி 180 கிலோ மீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதன்பின் 42 கிலோ மீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில்!

வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் ஜவ்வாது மலையிலுள்ள அமிர்தியை அறிவார்கள். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர். சைக்கிளில் மூன்று தடவை அமிர்திக்குப் போய்த் திரும்பினாலும் 150 தான். இன்னும் 30 பாக்கி! பிறகு, அமிர்தியிலிருந்து வேலூர் வரை ஓடி, வந்த வழியில் பாதிக்கு மேல் திரும்பவும் ஓட வேண்டும். முதல் ஆண்டில் இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர்.

1982 பிப்ரவரியில் நடந்த போட்டியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு நெருங்கியபோது கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கோட்டுக்குச் சில கெஜ தூரத்தில் வேறொரு பெண் முந்திச் சென்றுவிட்டார். முதலிடம் கைநழுவிப் போயிற்று. ஆயினும் அவர் தவழ்ந்தே சென்று கோட்டைக் கடந்தார். 29 வினாடி பிந்தி!

அந்தப் போட்டியின் ஆரவாரமும் ஆடைமுறையும் நமக்கு வேண்டியதில்லை. உறுதி ஒன்றே பாடம். தவழ்தல் என்ற சொல் நமக்குப் புதிதா? இஷாவையும் சுப்ஹையும் ஜமாஅத்தாகத் தொழுவதன் நன்மையை மக்கள் அறிந்திருந்தால், தவழ்ந்தாவது வந்து சேர்வார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. சொன்னதோடு நின்றார்களா? இறுதி நோயின்போது, இருவர் தாங்கிப் பிடிக்க, பாதங்கள் தரையில் இழுபட, ஜமாஅத்துக்கு வந்தார்கள்! நமக்கோ அடுத்த தெருவே தூரமாகிவிட்டது.

உறுதி என்பது உடலை வதைப்பதன்று. நீந்தும்போதே பலம் முழுவதையும் செலவழித்தவன் ஓடுவதற்கு மிஞ்சமாட்டான். 1971-இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவுமாக நீந்திக் கடந்தாரே வல்வெட்டித்துறை ஆனந்தன், அது ஒரு நாள் ஆவேசத்தில் ஆகக்கூடிய காரியமா? சோர்வு வந்தால் பிடித்துக்கொள்ள அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் பள்ளித் தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். உற்சாகம் உள்ளவரை தொழுது, சோர்ந்தால் உட்காருமாறு பணித்தார்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பதும் அவர்களின் போதனையே. ஆகவே நாளைக்கு ஒரு பக்கமாவது குர்ஆன் ஓதுவோம், விடாமல் ஓதுவோம்.

"இத்தனை நாள் விட்டுவிட்டோமே, எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவது?" என்று தயங்கும் சகோதரரே! முந்தப்பட்ட பிறகும் அந்தப் பெண் பாதையை விட்டு விலகவில்லை. நீங்களும் விலகாதீர்கள். முன் ஸஃப்பில் நிற்பவர்களே! திரும்பி வருபவரை "ரமளான் தொழுகையாளி" என்று கேலி பேசாதீர்கள். நகர்ந்து இடம் கொடுங்கள்.

அந்தப் போட்டிக்குக் கெடு 17 மணி நேரம். நம் கெடு எப்போது முடியும் என்பதை அல்லாஹ்வே அறிவான். உயிர் தொண்டைக்குழியை அடையும் வரை தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. நடந்து வர முடிகிற இன்றே வருவோம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் இஸ்திகாமத்தையும் அழகிய முடிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.