கேளாமல் விட்ட டிக்கெட்

வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குக் காலை வேளையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு நிலைமை தெரியும். உள்ளே நிற்க இடமிராது. சுல்தான்பேட்டையிலும் அரும்பார்த்தபுரத்திலும் இன்னும் ஏறுவார்கள். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்வாசலுக்கு வந்து சேருமுன் சிலர் இறங்கிப் போய்விடுவார்கள். பாகூர் பஸ்களிலும் இதே கதைதான்.

இப்படிக் கேளாமல் விட்ட கட்டணம் பிரயாணியின் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுமா? "நான் கொடுக்க மறுத்தேனா? அவர்தானே கேட்கவில்லை!" ஐவேளை தொழுகிறவர்களும் சொல்லும் சமாதானம் இது.

நமது ஃபுகஹாக்கள் பஸ்ஸைக் கண்டதில்லை. ஆனால் காசு கொடுத்துக் குளிக்கும் ஹம்மாமையும், ஆள் ஏற்றும் படகையும் கண்டிருந்தார்கள். ஷாஃபியீ கிதாபுகளில் இஜாரா பாடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. ஒருவர் தையற்காரரிடம் துணியைக் கொடுத்தார். கூலியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. அவரும் தைத்துக் கொடுத்துவிட்டார். மத்ஹபின் வலுவான சொல்லின்படி இங்கே கூலி கடமையில்லை. (கூலிக்குத் தைப்பவர் என்று பெயர் பெற்றவரானால் கடமை என்று சொன்னவர்களும் உண்டு.) ஆனால் ஹம்மாமினுள் நுழைந்து குளித்தவர், ஒரு பேச்சும் நடக்காவிட்டாலும் கூலி கொடுத்தே தீரவேண்டும். படகில் ஏறிக் கரை சேர்ந்தவரும் அப்படியே. வித்தியாசம் என்ன? தையற்காரர் தமது உழைப்பைத் தாமே செலவிட்டார். குளித்தவரும் படகேறியவருமோ பிறர் பொருளின் பயனைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். கேட்டார்களா, கேட்கவில்லையா என்பது அங்கே பார்க்கப்படவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர் படகில் ஏறுகிறவரல்லாமல் வேறு யார்?

கண்டக்டர் தெரிந்தவராயிருந்து, "பரவாயில்லை பாய், இறங்குங்க" என்று விட்டுவிட்டாலும் கணக்குத் தீராது. அவர் வக்கீல், சொந்தக்காரரல்ல. முதலாளியின் அனுமதியின்றி முதலாளியின் பணத்தை மன்னிக்க அவருக்கு அதிகாரமில்லை. டிக்கெட் இல்லாத ஆள் செக்கிங்கில் அகப்பட்டால் அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-வது பிரிவு பிரயாணிக்கும் 500 ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து எடுக்கும் டிக்கெட்டைப் பற்றி இங்கே பேச்சில்லை.

அரசாங்க பஸ் என்றால், "நம் வரிப்பணம்தானே, நமக்கும் பங்குண்டு" என்பார்கள். கனீமத்துப் பொருளும் படையினர் எல்லோருக்கும் உரியதுதான். ஆயினும் கைபர் யுத்தம் முடிந்து திரும்பும் வழியில், எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு ஒருவர் இறந்தார். மக்கள் அவரை ஷஹீதென்று வாழ்த்தினார்கள். பங்கிடுமுன் அவர் எடுத்த போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர் செருப்பு வார் ஒன்றையோ இரண்டையோ ஓடிப்போய்க் கொண்டுவந்து வைத்தார். அதுவும் நெருப்பு வாரே என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. செருப்பு வாரின் மதிப்பென்ன, பஸ் டிக்கெட்டின் மதிப்பென்ன என்று வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கண்டமங்கலம் வழியாக விழுப்புரம் போகும் தமிழ்நாட்டு அரசு பஸ்களில் 2022 முதல் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ஏழு வயதாகிவிட்டது, தொழு என்று வீட்டில் ஏவப்படும் பிள்ளை, பஸ்ஸில் மடிக்கு இழுக்கப்பட்டு நாலு வயதாகிவிடுகிறது. உம்மா சொல்லும் வயதை அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கொடுக்காமல் விட்டவர் என்ன செய்வது? அரசாங்க பஸ்ஸானால், அதே தொகைக்கு வேறொரு டிக்கெட் வாங்கி, பிரயாணம் செய்யாமல் கிழித்துவிடலாம்; பணம் உரிய இடம் சேர்ந்துவிடும். ரயில் விஷயத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (1863–1943) போன்றவர்கள் காட்டிய வழி இது. தனியார் பஸ்ஸுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். மறுநாள் அதே நேரத்துக்கு அதே பஸ் வரும். நேற்றைய டிக்கெட்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கலாம். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.