கூலி பாக்கி

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைக்கு ஒரு ஆர்டர் வரும்போதே அளவு குறித்த டிராயிங்கும் வந்துவிடும். கை லேத்தில் கடைந்தாலும் சிஎன்சியில் ஓட்டினாலும் பொருள் ஒன்றுதான். கடைந்தவர் யாரென்று அதில் தெரிந்தால் ரிஜெக்ட். அங்கே இயந்திரம் வந்ததை யாரும் அறக்கேடு என்று சொல்லவில்லை. ஓவியத்துக்கு மட்டும் என்ன தனிச்சலுகை?

ஜீவனில்லை என்று செயற்கை நுண்ணறிவுப் படங்களைத் தள்ளிவிடுவது சுலபம். 2018-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அப்படியொரு படம் 4,32,500 டாலருக்குப் போனது. ரசனையை வைத்து வழக்காடினால் தோற்க நேரும். யார் உழைப்பு, யார் சோறு என்று பார்ப்பதே மேல்.

அதற்கு ஈஞ்சம்பாக்கம் வரை போனால் போதும். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தம் மாணவர்களோடு அங்கே சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். ஓவியம் சோறு போடாது என்று அவர்களுக்குத் தெரியும். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டிச் சாயத்தில் முக்கினால், மெழுகு படிந்த இடத்தில் நிறம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்தில் மட்டும் மயிரிழையாய்ச் சாயம் இறங்கும். பிழைப்புக்கான வேலைதான். சொந்த ஓவியத்துக்கு நேரம் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

இப்போது இயந்திரம் கைவைப்பது இந்தப் பிழைப்பு வேலையில்: கதைக்குப் படம், புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை, விளம்பரம். ஃபிளெக்ஸ் வந்தபோதும் பேனர் ஓவியர்கள் வேலையிழந்தார்கள். ஆனால் ஃபிளெக்ஸ் இயந்திரம் அவர்கள் வரைந்ததைத் தின்று வளர்ந்ததில்லை. பட இயந்திரங்களைப் பழக்க உதவிய லயான்-5பி தொகுப்பில் மட்டும் சுமார் 585 கோடிப் படங்களின் இணைப்புகள். வரைந்தவர்களைக் கேட்டுச் சேர்த்தவை அல்ல. நம் பதிப்புரிமைச் சட்டமோ, 1994 திருத்தத்தின்படி, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரையே ஆசிரியராக்குகிறது. அந்தக் கணினி யாரைப் பார்த்துப் பழகியது என்ற கேள்வி அன்றைக்கு எழவே இல்லை.

மாணவனும் பார்த்துத்தானே கற்கிறான் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் எந்த மாணவனும் மறுநாளே ஆசிரியரின் பாணியில் ஆயிரம் படம் போட்டுச் சும்மா அள்ளிக் கொடுத்ததில்லை.

பம்மலில் ஒரு டீக்கடைக்காரர் பெயர்ப்பலகைக்குச் செல்போனிலேயே படம் உருவாக்கிக்கொண்டால் குற்றம் சொல்ல நா எழவில்லை. ஓவியருக்குக் கொடுக்க அவரிடம் என்றைக்குமே காசு இருந்ததில்லை. படத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்த பத்திரிகையும் விளம்பர நிறுவனமும், அதை மிச்சம் பிடிக்க, ஓவியரின் பெயரைச் சொல்லியே அவர் பாணியை இயந்திரத்திடம் கேட்டு வாங்குவது வேறு. அவர்கள் அவருக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறார்கள். படத்தின் அடியில் அவர் பெயரையும்.