அம்மாவுக்குப் பிடிக்காதது

“களி மட்டும் வேணாம்னு எழுதிடு கண்ணு.”

சிங்கப்பூரில் தம்பி வீட்டில் அம்மா இப்படிச் சொன்னாள். முதல்முறை கடல் தாண்டி வந்தவளை, ஊரிலேயே பேர்பெற்ற ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போவது என்று தம்பி முடிவுசெய்திருந்தான். முன்பதிவுப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம்: விருந்தினருக்கு ஒத்துக்கொள்ளாதது, பிடிக்காதது ஏதேனும் உண்டா? தம்பி அதை வாய்விட்டுக் கேட்டான். சற்றும் யோசிக்காமல் பதில் வந்தது.

அந்த உணவகத்தில் களி போட மாட்டார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும். அவள் பதில் சொன்னது உணவகத்துக்கு அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. பிடிக்காதது எது என்று அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பென்னாகரம் பக்கத்து வீடுகளில் களி என்பது தினப்படி சோறு. கொதிக்கும் உலையில் நொய்யை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி மூடுவாள் அம்மா. பிறகு பானையை இறக்கி, பழந்துணி சுற்றிய இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு, துடுப்பால் கிண்டுவாள். கட்டி தட்டக்கூடாது, தோள்பட்டை இறங்கி ஏறும். ஈரக்கையால் உருட்டிய முதல் உருண்டை அப்பாவுக்கு. பிறகு எங்களுக்கு, கீரைக் கடைசலோடு. அடியில் பிடித்த காந்தலுக்கு நானும் தம்பியும் சண்டை போடுவோம். அம்மா சாப்பிட்டது எப்படியோ என் நினைவில் இல்லை. கிண்டியது மட்டும் இருக்கிறது.

உணவகத்தைத் தேடியபோது மிஷலின் நட்சத்திரங்களை வைத்துத்தான் தேடினோம். பினாங்கில் பிறந்த மனோ தேவரின் ‘தேவர்’ உணவகம் 2022-இல் இரண்டு நட்சத்திரம் பெற்றது. தமிழ்ப் பெயர் என்பதால் அதையே முதலில் பார்த்தோம். மிஷலின் என்பது 1900-இல் பிரான்சில் ஒரு டயர் நிறுவனம் தொடங்கிய கையேடு. ஒரு நட்சத்திரம் என்றால் நல்ல சமையல், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டும் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம் என்று அர்த்தம். தட்டில் இருப்பதை எடைபோடத் தெரிந்த கையேடு. எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பது அதன் வேலையல்ல.

இத்தகைய இடங்கள் பலவற்றில் நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. சமையற்காரர் தீர்மானித்தது ஒவ்வொன்றாக வரும், சாப்பிட வேண்டும். எங்கள் வீடும் அப்படித்தான். வித்தியாசம், அந்த ஒரு கேள்வி. போதும் என்றாலும் இன்னொரு உருண்டை வைப்பதைத்தான் நாங்கள் பாசம் என்று அறிந்து வளர்ந்தோம். முன்பின் தெரியாத ஒரு கடை, வருகிறவரிடம் முதலில் கேட்டுவிடுகிறது. எது பெரிய மரியாதை?

எங்கள் மண்ணின் அதியமானைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அரிதில் கிடைத்த நெல்லிக்கனியின் பலனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்தான் என்பது புறநானூற்றுச் செய்தி. சொல்லாமல் கொடுத்ததையே அவன் பெருமையாகக் கற்றோம். நீண்ட ஆயுள் வேண்டுமா என்று ஔவையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? கேட்டிருந்தால் அவளே அதை வாங்கியிருக்க மாட்டாளோ என்னவோ. கேட்காமல் கொடுப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

களியின் கேழ்வரகுக்கு இப்போது மரியாதை கூடிவிட்டது. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். பெரிய விருந்துகளிலும் கேழ்வரகு ஏறிவிட்டது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் அம்மாவுக்குப் பிடிக்காதது கேழ்வரகின் ருசியா, அந்தத் துடுப்பா? ருசி என்றால் அத்தனை வருஷம் எதை விழுங்கினாள்? துடுப்பு என்றால், வேறொருவர் கிண்டிப் போட்டால் ஆசையாகச் சாப்பிடுவாளா?

ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் போகும்போதெல்லாம் களி கிண்டுகிறாள். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. கேட்டுவிடலாம்தான். உனக்காகத்தான் கிண்டுகிறேன் என்பாளோ, இல்லை நீ கேட்காதவரை நன்றாகத்தானே இருந்தது என்பாளோ. எந்தப் பதிலை நான் தாங்குவேன் என்று இன்னும் பிடிபடவில்லை.