பழகாத நெறியும் உடன்வருவாரும்

பலர் சென்று பழகிய நெறியை விடுத்து, எவரும் செல்லாத நெறியிற் புகுதல் அறமாமோ என்பது ஆராய்தற்குரியதொரு வினாவாம். ஆமென்பார், பழகிய நெறிக்கும் முதலில் அடிவைத்தான் ஒருவன் உளன் என்பர். அன்றென்பார், பலரும் ஒதுக்கிய இடத்து இடர் உண்டென்பது தானே போதரும் என்பர். இருவரும் நெறியைப் பற்றியே வழக்கிடுவதன்றி, அதன்கட் செல்வானைப் பற்றியும், அவனோடு உடன்வருவாரைப் பற்றியும் வினவுகின்றிலர். வினாவின் உயிர்நிலை அங்கேயே உளதென்பது எமது துணிபு. இதனை உலகறிந்த மலையேற்ற வரலாறு ஒன்றில் வைத்துக் காண்பாம்.

ஐரோப்பாவில், சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாய் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நிற்பது மாட்டர்ஹார்ன் என்னும் கொடுமுடி. அதன் உயரம் 4,478 மீட்டர். அதனை முதலில் ஏற முயன்றோர் பெரும்பாலும் இத்தாலியப் பக்கத்துத் தென்மேற்கு முகட்டையே பற்றினர். ஸெர்மாட் என்னும் ஊரை நோக்கிய ஹோர்ன்லி முகடும், அதனை அடுத்த கிழக்கு முகமும் ஏறலாகாதன எனப் பெரும்பாலோர் ஒதுக்கினர். மரத்திற் படம் செதுக்கும் தொழிலினராகிய எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலேயரும் 1861 முதலாகப் பன்முறை இத்தாலியப் பக்கத்தே முயன்று மீண்டார். 1862-இல் அங்கே தனித்து இறங்குங்கால் வீழ்ந்து, அரிதின் உயிர் பிழைத்தார்.

பின்னர் அவர் மறுபக்கத்தை ஆராயத் தலைப்பட்டார். கிழக்கு முகம் நேர்நின்று நோக்குவார்க்குச் செங்குத்துச் சுவரெனத் தோன்றும். பக்கத்தே சென்று நோக்குவார்க்கு அதன் சாய்வு ஏறக்குறைய நாற்பது பாகையே எனப் புலப்படும். அன்றியும், கோடையிலும் அம்முகத்தே பனி நீங்காது கிடந்தது. செங்குத்துப் பாறையில் அவ்வாறு பனி தங்காது, ஈண்டுத் தங்கியது, ஆகலின் இது செங்குத்தன்று என அவர் துணிந்தார். புகை கண்டு தீயுண்மை துணிதலும் இத்தன்மைத்தே. இன்னும், பாறையடுக்குகள் இத்தாலியப் பக்கத்தே வெளிநோக்கிச் சரிந்திருத்தலின் காலுக்கு நிலை கொடா. அவ்வடுக்குகளே கிழக்கே உள்நோக்கிச் சாய்ந்து படிகள் போல அமையும் என்றும் கண்டார்.

அளவை நூலார் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனையும் ஈண்டுப் பொருத்திக் காணலாம். ஏறலாகாது என்றது பிறர் உரை. சுவரெனத் தோன்றியது திரிவுக்காட்சி. அவ்விரண்டனையும் திருத்தியது பனியையும் பாறையடுக்கையும் ஏதுவாகக் கொண்ட கருதல். ஆதலின் பழகாத நெறியை விம்பர் மேற்கொண்டது செருக்கின்பாற் பட்டதன்று, அளவையின்பாற் பட்டதே. அவ்வளவில் அவரைக் குறைகூறுதற்கு இடமில்லை.

1865 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கரெல் என்னும் வழிகாட்டியும் அவர் துணைவரும் இத்தாலியப் பக்கத்தே ஏறத் தொடங்கினர் என்பதறிந்து, விம்பர் ஸெர்மாட்டுக்கு விரைந்தார். அங்கே ஹட்சன் என்னும் பாதிரியாரும் அதே முடியை நாடி வந்திருந்தார். மலையேற்றத்தில் அவர் பெரிதும் தேர்ந்தவர். அவருடன் வந்த ஹேடோ பத்தொன்பது வயதினர், பயிற்சி குறைந்தவர். அவர் தகுதியை விம்பர் வினவியபோது, மோன் பிளாங்க் மலையைப் பலரினும் விரைவில் ஏறியவர் என்றார் ஹட்சன். அவ்விடையே போதியதாகக் கொள்ளப்பட்டது. மறுநாட் காலை அவர்கள் புறப்பட்டனர். 14 ஆம் நாட் பிற்பகல், மனிதரடி முதன்முதல் அம்முடியிற் பட்டது. விம்பரின் கருதல் மெய்யாயிற்று.

இறங்குங்கால், முன்னே சென்ற வழிகாட்டி குரோ, தம் கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, ஹேடோவின் அடிகளை ஒவ்வொன்றாகப் பாறையிற் பொருத்தி வந்தார். ஹேடோ வழுக்கிக் குரோவின் மேல் வீழ்ந்தார். அவ்விருவரும் ஹட்சனையும், டக்ளஸ் என்னும் இளைஞரையும் ஈர்த்தனர். டக்ளஸுக்கும் அவர்க்குப் பின்வந்த மூத்த டாக்வால்டருக்கும் இடையே இருந்த கயிறு அற்றது. கொண்டுவந்த மூவகைக் கயிற்றுள் மெலிந்தது அது. நால்வர் ஏறக்குறைய 4,000 அடி கீழே வீழ்ந்து மாண்டனர். விம்பரும் டாக்வால்டர் தந்தையும் மகனும் எஞ்சினர்.

கயிற்றின்மேற் பழி சுமத்தியவர் பலர். அக்கயிறு அவ்விடத்து வந்ததும் ஆராயாமையின் பயனேயாம். எனினும் முதற்காரணம் அதற்கும் முந்தியது. ஊரார் பலரின் உரையை ஏதுக்காட்டி மறுத்த அறிவினர், துணைவர் ஒருவரின் உரையை ஏது வினவாது ஏற்றனர். ஹட்சன் கூறியது பொய்யன்று. ஆயின் அது வேறொரு மலையைப் பற்றியது. மோன் பிளாங்கின் வழக்கமான வழி பெரும்பாலும் பனிச்சரிவு, மாட்டர்ஹார்னோ பாறை. பனியில் விரைந்து செல்லுதல் பாறையில் நிலைத்து நிற்றற்கு ஏதுவாகாது. மலையின் இயல்பைத் தேர்தற்கு ஆண்டுகள் செலவிட்டவர்க்கு, உடன்வருவாரின் பக்குவத்தைத் தேர்தற்கு ஒரு மாலையே கிடைத்தது. முந்தவேண்டும் என்னும் விருப்பம் அதற்குமேற் காத்திருக்க விடவில்லை.

அற்றேல், பக்குவம் குறைந்தாரை ஒருகாலும் உடன்கொள்ளலாகாதோ எனின், அற்றன்று. ஹேடோவும் பாறையிற் பயின்று பின்னொருகால் ஏறியிருத்தல் கூடும். குறை அவர் இளமையில் இல்லை. அவர்க்குரிய காலத்தை அவர்க்கு அளியாமையில் உளது. இனி, அவர் தாமே விரும்பி வந்தாரன்றோ எனின், விரும்பினார் என்பது மெய்யே. ஆயின் நெறியின் அருமையை அறியாதான் விருப்பம், அறிந்தான் பொறுப்பை நீக்காது. பழகிய நெறியில் முன்சென்ற பலரின் சுவடு பின்வருவானுக்குத் துணையாம். பழகாத நெறியிலோ அழைத்துச் செல்வானின் அறிவொன்றே துணை. ஆதலின் அங்கே அவன் கடமை இருமடங்காம்.

இந்நாளில் ஹோர்ன்லி முகடே மாட்டர்ஹார்னுக்கு வழக்கமான வழி; நிலையான கயிறுகளும் அங்கே பொருத்தப்பட்டுள. அன்று அற்ற கயிற்றின் துண்டு ஸெர்மாட் காட்சிச்சாலையில் உள்ளது. விம்பர் கருதியது சரியென்பதற்கு அவ்வழியே சான்று. ஆராயாது விட்டது எது என்பதற்கு அத்துண்டு சான்று. ஆகவே புதுநெறி புகுவான், நெறியை அளந்த அளவையாலேயே தன்னுடன் வருவாரையும் அளந்து, அவர்க்கு வேண்டுங் காலமும் தாழ்த்து, அதன்பின்னரே அடிபெயர்த்தல் அறமென்க.