தாங்கும் வெப்பம், தாங்கா நெருப்பு

நோயாலோ இழப்பாலோ ஒருவர் வாடும்போது, 'துன்பம் உன்னைப் பக்குவப்படுத்தும்' என்று ஆறுதல் கூறுவது வழக்கம். அது எந்த அளவுக்கு உண்மை? உடலின் மிகச் சிறிய அலகான செல்லே இதற்கு விடை கூறுகிறது.

இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் செல்களை ஆராய்ந்தபோது, அவற்றை வைத்திருந்த பெட்டியின் வெப்பம் தற்செயலாகக் கூடிவிட்டது. செல்லின் குரோமோசோம்களில் புதிய இடங்கள் புடைத்தெழுந்திருப்பதை அவர் கண்டு, 1962-இல் வெளியிட்டார். அதன் பொருள் பின்னரே விளங்கியது. வெப்பம் மிகும்போது செல்லிலுள்ள புரதங்கள் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உடனே செல் தன் அன்றாட உற்பத்திகள் பலவற்றைக் குறைத்துக்கொண்டு, துணைப் புரதங்களைப் பெருக்குகிறது. குலைந்தவற்றைத் தாங்கிப் பிடித்து மீண்டும் உருப்பெறச் செய்வதே அவற்றின் பணி. பணி முடிந்ததும் விலகிவிடுகின்றன. உருவான பொருளில் தமக்கென்று பங்கு கொள்வதில்லை. பற்றற்ற கர்மத்திற்கு இதைவிட நுண்ணிய உவமை ஏது!

பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூரியகாந்தி முதலிய பயிர்களின் முளைகளைச் சில மணி நேரம் படிப்படியாக உயரும் வெப்பத்தில் வைத்து, பின்னர் கடும் வெப்பத்திற்கு உட்படுத்தினர். அவ்வாறு பழகிய முளைகள் பல பிழைத்தன. பழக்கமின்றித் திடீரென்று கடும் வெப்பத்தைச் சந்தித்தவை மடிந்தன.

சாதகனுக்குரிய ஆறு செல்வங்களுள் ஒன்றாக வேதாந்தம் கூறும் திதிக்ஷையும் இத்தகையதே. வந்து போகும் குளிரையும் வெப்பத்தையும் பொறுத்துக்கொள்ளக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் கற்பிக்கிறது. ஏகாதசி விரதம், அதிகாலை எழுதல், நாவடக்கம் ஆகிய சிறு தவங்கள் பெரிய சோதனைக்கு மனத்தைப் பழக்குகின்றன. அவற்றிலும் அளவு உண்டு. குழந்தைக்கும் நோயாளிக்கும் முதியோருக்கும் சாத்திரம் முழுப் பட்டினியை விதிக்கவில்லை.

ஏனெனில் பொறுமைக்கும் எல்லை உண்டு. வெப்பம் அளவு கடந்தாலோ, ஓய்வின்றி நீடித்தாலோ, துணைப் புரதங்கள் போதாமற் போகின்றன. அப்போது செல் தன்னைத் தானே முடித்துக்கொள்கிறது. அதைச் செல்லின் குறை என்று எவரும் கூறுவதில்லை.

ஓசூரைக் கடந்ததும் கர்நாடக எல்லையில் வரும் ஊர் அத்திபெலே. 2023 அக்டோபர் 7 அன்று அங்கே பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. தீபாவளிக் கால வேலைக்குத் தமிழகத்திலிருந்து சென்ற இளைஞர்கள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகைக்குப் புத்தாடையோடு வருவான் என்று காத்திருந்த தாயிடம் போய், 'துன்பம் பக்குவப்படுத்தும்' என்று சொல்ல யாருக்கு நா எழும்? சொன்னால் அது வேதாந்தமாகுமா? அது எவருக்கும் நேர்ந்திருக்கக் கூடாத நெருப்பு. அதற்குத் தத்துவப் போர்வை போர்த்துவது அதர்மம்.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். தன் துன்பத்தைக் கண்டு புலம்புகின்றனர். பிறர் துன்பத்தைக் கண்டு தத்துவம் பேசுகின்றனர். சாத்திரம் கூறுவதோ இதற்கு நேர்மாறானது. திதிக்ஷை தனக்கு, தயை பிறர்க்கு. தன் மீது விழும் வெப்பத்தைப் பொறுப்பவன் சாதகன். அடுத்தவர் மீது விழும் வெப்பத்தையும் 'பொறுத்துக்கொள்' என்று விட்டுவிடுபவன் கல்நெஞ்சன்.

வேலை வாங்கும் முதலாளியும், பிள்ளையைப் படிக்கச் சொல்லும் பெற்றோரும், மருமகளிடம் பொறுமையை எதிர்பார்க்கும் மாமியாரும் நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இந்த உயிர் பழகும் அளவிலா வெப்பம் தருகிறேன், கருகும் அளவிலா?'

செல்லும்கூடத் தனித்த உறுதியால் பிழைப்பதில்லை. குலையும்போது தாங்கிப் பிடிக்க அருகில் ஒரு துணை இருப்பதால் பிழைக்கிறது. துன்புறுவோர் வீட்டுக்குச் செல்பவர் உபதேசத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, அந்தத் துணையாக அமரட்டும். இறைவனுக்கு உகந்த பூஜை அதுவே.