இருளிலும் மாறாத வாய்மை

மனத்தில் ஒன்று, சொல்லில் ஒன்று, செயலில் வேறொன்று என்று வாழ்வது பாசாங்கு. திருவள்ளுவர் துறவறவியலில் 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரமே வகுத்து இதைக் கண்டித்தார். ஏசுபிரானோ பாவிகளிடம் பரிவு காட்டினார். ஆனால் பிறர் காண வேண்டுமென்று தெருமுனைகளில் நின்று பிரார்த்திப்பவர்களை 'மாயக்காரர்' என்று கடிந்துகொண்டார். அவ்விடத்தில் மூலநூலில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'நடிகன்' என்பது பழைய பொருள்.

அப்படியானால், உள்ளம் வறண்டு கிடக்கும்போதும் வழிபாட்டைத் தொடர்பவன் நடிகனா? நேர்மையான சாதகர் பலரை வருத்தும் கேள்வி இது. இதற்கு விடை தருகிறது கொல்கத்தாவில் வாழ்ந்த அன்னை தெரசாவின் வாழ்க்கை.

1929-இல் லொரேட்டோ சபைக் கன்னியராகக் கல்கத்தா வந்த அவர், எண்டாலியில் ஆசிரியையாகப் பணியாற்றினார். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளுக்குள் ஏழைகளாக இருப்போருக்குத் தொண்டாற்றும்படி இறைவன் அழைப்பதை உணர்ந்தார். 1950-இல் புதிய துறவியர் சபை பிறந்தது. 1952-இல் காளிகாட்டில், காளி கோயிலை அடுத்திருந்த யாத்ரிகர் விடுதியில், மரணத்தை எதிர்நோக்கியிருப்போருக்காக 'நிர்மல் ஹிருதய்' இல்லம் எழுந்தது.

பணி வளர்ந்தது, ஆனால் இறைவனின் அண்மையை உணரும் இன்பம் அன்னையை விட்டு நீங்கியது. 1953-இல் பேராயர் பெரியேவுக்கு எழுதிய கடிதத்தில் தம்மைச் சூழ்ந்த இருளைக் குறிப்பிட்டார். 1958-இல் சிறிது காலம் விலகிய அவ்விருள் மீண்டும் கவிந்தது. 1997-இல் அவர் மறைந்தார். 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது, 'அந்தப் புன்னகை வெறும் வேடமா?' என்று சிலர் கேட்டனர்.

இக்கேள்வியைத் தம்மிடமே முதலில் கேட்டுக்கொண்டவர் அன்னைதான். தமது புன்னகை ஒரு போர்வை என்றும், இறையன்பைப் பற்றித் தாம் பேசுவதைக் கேட்பவர் பாசாங்கு என்றே சொல்வர் என்றும் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு எழுதினார். தம்மைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்பவரிடம் வேடத்திற்கு ஏது இடம்?

வேடதாரி குற்றத்தை மறைத்துப் புகழைத் தேடுகிறான். அன்னை மறைத்தது தம் வேதனையை. மக்கள் தம்மைப் பெரிதாகவும் ஏசுவைச் சிறிதாகவும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே, அக்கடிதங்களை அழித்துவிடும்படி வேண்டினார். வேடதாரி, காண்பவர் இல்லாதபோது வேடத்தைக் களைந்துவிடுவான். அன்னையோ எவரும் அறியாத அந்த இருளிலும் பிரார்த்தனையையும் பணியையும் விடவில்லை. இறைவனுக்காக உள்ளம் ஏங்குவதே அவன் மறைந்து உடனிருப்பதன் அடையாளம் என்று ஏசு சபைக் குரு ஜோசப் நோய்னர் தெளிவுபடுத்தினார். அதன்பின் அந்த இருளையே இறைவனுக்குச் சமர்ப்பிக்க அவர் கற்றுக்கொண்டார்.

இன்ப உணர்வு மனிதனின் வசத்தில் இல்லை. அது இறைவன் தருவது. கொடுத்த வாக்கைக் காப்பது மனிதனின் வசத்தில் உள்ளது. எனவே மனம் வறண்ட சாதகன் தன்னைப் போலி என்று எண்ணிப் பிரார்த்தனையைக் கைவிட வேண்டியதில்லை. பெறாத அனுபவத்தைப் பெற்றதாகச் சொல்லாதிருக்கட்டும். நம்பிக்கைக்குரிய வழிகாட்டியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். அன்றைய கடமையை, பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரேவிதமாகச் செய்யட்டும். வாய்மை அவனிடம் நிலைபெறும்.