காத்திருத்தல் கைவிடுதலா?

மார்பகத்தின் பால் நாளத்துள் தோன்றி, அதன் சுவரைத் தாண்டாது நிற்கும் புற்றணுக்களை மருத்துவர் 'பூஜ்ய நிலை' என்பர். கைக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது; மேமோகிராம் படத்தில் சுண்ணாம்புப் பொடிபோல் தெரியவரும். இவற்றுட் சில பின்னாளில் பரவும். சில வாழ்நாள் முழுதும் அடங்கியே கிடக்கும். எது எவ்வாறாகும் என உறுதியாகச் சொல்ல இயலாமையால், அறுவையே வழக்கமாயிற்று.

தீங்கு செய்யாமலே போயிருக்கக்கூடிய ஒன்றுக்காக உடலை அறுப்பது முறையா? அறுக்காது விட்டுப் பரவினால் அப்பழி யாரைச் சாரும்?

அமெரிக்காவின் 'காமெட்' ஆய்வு இவ்வினாவை நேரே எடுத்துக்கொண்டது. வீரியம் குறைந்த வகையுடைய 957 பெண்களுள் ஒரு பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சையும், மறு பிரிவினர்க்கு ஆறு மாதத்துக்கொரு முறை படமெடுத்துக் கண்காணித்தலும் விதித்தனர். 2024 டிசம்பரில் வெளியான ஈராண்டு முடிவில், ஊடுருவும் புற்று கண்டோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 5.9, கண்காணிப்பில் 4.2. முதற்பிரிவிலும் பலர் அறுவையை ஏற்கவில்லை என்பதை மறைத்தலாகாது. ஈராண்டும் சிறு காலமே.

ஆசிரியப் பணியில் கண்ட பிழையையெல்லாம் உடனே சிவப்பு மையால் அடித்தோம். சில தாமே திருந்தும் என அறியப் பல்லாண்டாயின. ஆனால் எழுத்துப்பிழை உயிர் கொள்ளாது. ஒப்புமை இவ்வளவோடு நிற்கட்டும்.

தவறாது படமெடுக்க வழியுள்ளவளுக்கே காத்திருத்தல் சிகிச்சையாகும். பேருந்துக்கூலிக்கும் பிறரை எதிர்பார்ப்பவளுக்கு அது கைவிடுதலே. எதுவாயினும் முடிவு அவளுடையது என்போம். நடப்பதோ வேறு. 'புற்று' என்னும் சொல் காதில் விழுந்ததும் கணவரும் மக்களும் அறுவைக்கு நாள் குறித்துவிடுகின்றனர்; அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.